உள்ளேயே இருங்கள்

உள்ளேயே இருங்கள், கதவைத் திறக்காதீர்கள், ஜன்னல் பக்கம் போகாதீர்கள், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி இவை என் வார்த்தைகளே இல்லை என்று ஆகிவிட்டது, பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் ஊர்ப்பெயர்களை அடுக்குகிறவன் அந்த ஊர்கள் எதற்கும் போனதில்லை, அவன் குரல் மட்டும் போய்விட்டு வருகிறது, அது மாதிரி நான் இந்த நாற்காலியில் இருக்கிறேன், என் குரல் எங்கோ ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கிற குடும்பத்தின் காதில் போய் விழுகிறது. போன் சூடாகிக் காதுமடல் எரிகிறது. வலது காதுக்கு மாற்றினால் அதே ஆள் வேறு ஆளாகத் தெரிகிறார், அதனால் மறுபடி இடது காதுக்கே மாற்றிக்கொள்கிறேன். இந்தியத் தூதரகத்தில் விசாவுக்கு வருகிறவர்கள் உட்காரும் கூடம் இது. இந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தலில், இதுவரை ஆண்ட பழையவரும் நான்தான் ஜெயித்தேன் என்கிறார், எதிர்த்து நின்ற டாக்டரும் நான்தான் ஜெயித்தேன் என்கிறார், இருவரும் தனித்தனியே பதவியேற்கப் போவதாக ரேடியோவில் சொன்னதும் நாடு பற்றிக்கொண்டது, இந்தக் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளி மேசை போட்டு உதவி மையம் என்று ஆக்கிவிட்டார்கள். இந்தியில் அழைத்தால் அந்த மேசை, குஜராத்தியில் அழைத்தால் ஜன்னலோர மேசை, தமிழில் அழைத்தால் நான், வேதமுத்து, கணக்குப் பிரிவில் வவுச்சர் ஒட்டுகிறவன். "ஏன் தம்பி கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி பேசுத, சோறு திங்கலயா" என்று காலையில் ஒரு அம்மா திட்டினாள். என் குரல் அப்படித்தான். பள்ளியில் உள்ளேன் ஐயா சொல்லியும் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கிரேஸ் உட்கார்ந்திருக்கிறாள், இந்த நாட்டுக்காரி, வரவேற்பு மேசையில் இருப்பவள், வெளியிலிருந்து வரும் பேச்சை எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வதற்காக இங்கே போட்டிருக்கிறார்கள். தெருவில் டப்டப்பென்று கேட்கிறது. கண்ணீர்ப்புகைதான் என்கிறாள். துப்பாக்கி என்றால் சத்தம் ஒல்லியாக இருக்குமாம். சத்தத்தில் ஒல்லி குண்டு பார்க்க ஒரு பெண் எத்தனை தேர்தலைப் பார்த்திருக்க வேண்டும்.

விடிந்ததும் அழைத்தார் அர்த்தனாரி அண்ணன். அதற்கு முன்பு அவரை நான் பார்த்ததுமில்லை பேசியதுமில்லை. திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு கப்பலேறி வந்தவர், வடக்கே ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே உள்ள மைதானத்தில் கன்டெய்னரை வீடாக்கிக்கொண்டு இருக்கிறார், கூட அவர் மச்சினன் மாரப்பன், மற்ற ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. "ஏனுங்க தம்பி, ரோடு இப்ப வெறிச்சுனு கிடக்குதுங்க. சர்ச்சு வரைக்கும் நடந்தே போயிரலாமுங்க, அங்க பாதிரியார் நமக்குப் பழக்கமுங்க. போலாமுங்களா?" என்றார். நான் மேசையில் ஒட்டியிருந்த அறிவுரைத் தாளைப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, இருந்தாலும் பார்த்தேன். உள்ளேயே இருங்கள் என்றேன். "இருக்கறதுன்னா இருக்கறமுங்க. ஆனா மனசு ஒரு மாதிரி இருக்குதுங்க." உள்ளேயே இருங்கள் அண்ணா, இரும்புப் பெட்டி, அதைவிடப் பத்திரம் எது என்றேன். இரும்புப் பெட்டி என்று நானாகத்தான் சேர்த்துச் சொன்னேன், அது மேசையில் ஒட்டியிருந்ததில் இல்லை, அந்த இரண்டு வார்த்தையும் என்னுடையது. வெயில் ஏறியதும் மறுபடி அழைத்தார், அந்த அழைப்புதான் இன்னும் என் காதில் இருக்கிறது, வைக்கவில்லை, வைக்கப் பயமாக இருக்கிறது இருவருக்கும். அவர் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். கன்டெய்னருக்குள் ஒவ்வொரு சத்தமும் இரண்டாகக் கேட்கிறது. மூச்சு, அதன் எதிரொலி, தகரத்தில் கல் விழும் சத்தம், அதன் எதிரொலி, கூட்டம், கூட்டத்தின் எதிரொலி, அப்புறம் மாரப்பனின் குரல், "மச்சான், அந்தாளு என்னதான் சொல்றான்? கதவத் தொறக்காதீங்கன்னே சொல்லிட்டிருக்கானா? கதவ அவனுங்களே தொறந்துருவானுங்க, நம்மளுக்கு எதுக்குச் செரமம்." "கம்முனு இருடா மாப்ள." "கம்முனுதான் இருக்கறேன். காலையில இருந்து கம்முனு இருந்து வாயே நாறுது."

ஃபெலிக்ஸைக் கொன்றுவிட்டார்கள் என்று அவர் சொன்னது எந்த நேரத்தில் என்று நினைவில்லை, பேச்சின் நடுவே சொன்னார், தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. ஃபெலிக்ஸ் ரிக்குக்குக் காவல் இருந்த ஆள், அந்த ஊர்க்காரர்தான், அர்த்தனாரி அண்ணனிடம் டீ குடிக்கக் கற்றுக்கொண்டவர். காற்றுக்காக வைத்த ஓட்டை வழியே இருவரும் பார்த்திருக்கிறார்கள். முதலில் கையைக் காட்டச் சொன்னார்களாம். அவர் காட்டினார். கை சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் முதல் வெட்டு அந்தக் கையில்தான் விழுந்தது, அப்புறம் ஒரு மண்வெட்டி, அப்புறம் எதெல்லாமோ. "கத்தக்கூட இல்லீங்க. ஒரு தடவ எம்பேரச் சொல்லிக் கூப்புட்டானுங்க. நான் இங்கிருந்து வாயப் பொத்திட்டு நின்னனுங்க." ஏன் சிவப்பு என்றேன். எனக்குப் புரியவில்லை, ரத்தமா என்று கேட்டேன். மாரப்பன்தான் சொன்னான், "குங்குமமுங்க. நேத்து அமாவாசைங்க. எங்க தொழில்ல அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குத் திருஷ்டி கழிக்கறதுங்க. இந்த ஊருல வெண்பூசணி ஏது, தர்ப்பூசணிதான். ஓட்டை போட்டு குங்குமத்தக் கரச்சு ஊத்தி, காசு போட்டு, மேல கற்பூரம் ஏத்தி வண்டியச் சுத்தி வந்து மச்சான் ஒடச்சாருங்க. எங்க ஒடச்சாருன்னு கேளுங்க." எங்கே? "முச்சந்தியில ஒடைக்கோணுமில்லீங்க. இங்க முச்சந்தின்னா பள்ளிக்கூடத்து கேட்டுதானுங்க." அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்தான் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த மைதானத்தில் பழையவர் காசில்தான் இவர்கள் போர்வெல் போட்டுத் தண்ணீர் காட்டினார்கள், தொட்டியில் வரைந்த பழையவர் முகம் சிரிக்கிறது. பொழுது விடிந்து பள்ளிக்கூடத்துக் கேட்டில் முடிவை ஒட்டினால் டாக்டரின் சொந்த ஊர் மாதிரியான அந்த ஊரில் பழையவர் ஜெயித்திருக்கிறார், அதைப் படித்துவிட்டுத் திரும்புகிற கண்களுக்கு முன்னால் வாசலில் சிவப்பாக உடைந்து கிடக்கிறது ஒன்று, கற்பூரக் கரியோடு, வாயைப் பிளந்துகொண்டு, உள்ளே காசோடு. அந்தக் காசைத்தான் ஃபெலிக்ஸ் பொறுக்கினார். நம் ஊரில் பொறுக்க மாட்டார்களா, டவுனில் கடை வாசலில் பூசணிக்காய் உடைவதற்கு முன்பே கை நீளும். பாவி மனுசன், அவர்கள் ஆள் திரட்டப் போன நேரத்தில் பொறுக்கினார், கைகழுவத் தண்ணீர் தேடுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

சிரிப்பு வருகிறது எனக்கு, இந்த நேரத்தில் சிரிப்பு வருகிறதே என்று பயமாக இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன், கடித்த பல்லுக்கு நடுவே பக்கத்து வீட்டு அழகர்சாமி சித்தப்பாவின் கை. சித்தப்பாவை நினைக்கக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தல், பெட்டியை வண்டியில் ஏற்றுகிற நேரம், எவனோ பெட்டியை மாற்றிவிட்டான் என்று ஒரு குரல், அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது, அடுத்த நிமிடம் எல்லார் கையிலும் அருவாள் இருந்தது, அதுவரை அவற்றை எங்கே வைத்திருந்தார்கள் என்பதும் இன்றுவரை தெரியாது. சித்தப்பா சமாதானம் பேசக் கையைத் தூக்கினார், தூக்கிய கைதான் போயிற்று. விரல்கள் பள்ளிக்கூடத்து மணலில் கிடந்தன, மை வைத்த விரலும் அதில் ஒன்று. கோழி வந்து பார்த்தது. கோழியை விரட்டியது நான்தான். வெட்டியவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலில் நின்று அழுதார், அவர் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி பரிமாறியது சித்தப்பாதான். கிரேஸிடம் இதைச் சொன்னால் உங்கள் ஊரிலுமா என்பாள். எங்கள் ஊரிலும்தான். காட்டுமிராண்டிகள் என்று அந்தக் குஜராத்தி மேசைக்காரர் போனை வைத்துவிட்டுச் சொன்னாரே, அப்போது நான் தலையாட்டினேனே, எதற்கு ஆட்டினேன். தகரத்தில் எதையோ போட்டு இழுக்கிறார்கள், கத்தி முனையாக இருக்க வேண்டும், கன்டெய்னரின் முழு நீளத்துக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு நடக்கிறான் எவனோ, அந்தக் கிறீச்சென்ற கோடு என் காதுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது, திரும்பி வருகிறது. சித்தப்பாவின் கையை அப்படித்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், வெட்டு விழுந்த பிறகு அல்ல, விழுவதற்கு முன்னால், காற்றில் விரல் விரித்து நின்றபோது. இந்த உதவி மையத்தை நடத்துகிற அதிகாரி பிந்து மேடம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இரண்டு போன்களோடு நிற்கிறார், ஒன்றில் ராணுவம், இன்னொன்றில் போலீஸ். நான் எழுந்து நின்று உதட்டால் ஆற்றுக்கு அப்பால், ஆற்றுக்கு அப்பால் என்கிறேன். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு கதவைத் திறந்து, "பாலத்தில மரம் வெட்டிப் போட்டிருக்காங்க வேதமுத்து. வண்டி வரும், ஆனா உடனே வராது. அது வரைக்கும் யாரும் கதவு திறக்க வேண்டாம், கேட்டியா, என்ன ஆனாலும்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். அவர் மேல் தப்பில்லை. காலையிலிருந்து கதவைத் திறந்தவர்கள்தான் அடிபட்டிருக்கிறார்கள்.

"தம்பி, ஒரு வாடை வருதுங்க" என்றார் அர்த்தனாரி அண்ணன். "டீசலுங்க. எங்க வண்டி டேங்குல இருந்து புடிக்கறானுங்க. மேல ஏறிட்டானுங்க. ஊத்துற சத்தம் கேக்குதுங்களா." கேட்டது. மழை பெய்யத் தொடங்குகிறபோது தகரக் கூரையில் கேட்குமே, அதைவிடத் தடிப்பாக. கூட்டம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது, தாளத்தோடு, கால் தட்டலோடு. என்ன சொல்கிறார்கள் என்று கிரேஸைப் பார்த்தேன். கொளுத்து என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். அவள் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தாள், அவளுடைய எண்ணெய் வாசனை, தலைப்பின்னலில் கோத்த மணிகள் என் கன்னத்தில் இடித்தன. "எடு என்கிறார்கள்" என்றாள். "வைத்தவனே எடு. சூனியம் என்று எல்லாரும் தொடப் பயப்படுகிறார்கள். வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் போகவே பயப்படுகிறார்கள்." எடு. வைத்தவனே எடு. எனக்குச் சட்டென்று எங்கள் வாசல் தெரிந்தது. நாங்கள் வேதக்காரர்கள், அம்மா கழுத்தில் ஜெபமாலையும் மேசையில் மாதா படமும், ஒரு நாள் வாசல்படியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் நாலாகக் கீறிக் கிடந்தது, அம்மாவின் வேதமெல்லாம் எங்கே போயிற்றோ, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்க நின்றாள், "எந்த மூதேவி வச்சாளோ அவளே வந்து எடுக்கட்டும். எடுக்கிற வரைக்கும் இந்த நடையை ஒருத்தரும் தாண்டப்பிடாது." நாங்கள் புறவாசல் வழியே பள்ளிக்கூடம் போனோம். வைத்தவள் வந்து எடுத்திருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள்? அடித்திருப்பாள். இரண்டு அடி அடித்திருப்பாள். கொன்றிருக்க மாட்டாள். இரண்டு அடிக்கும் கொலைக்கும் நடுவே இருக்கிற இடத்தில்தான் இப்போது ஒரு மனிதரை நடக்கச் சொல்லப் போகிறேன், அந்த இடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே. கிரேஸ், உங்கள் ஊரில் வைத்தவனே வந்து எடுத்தால் விட்டுவிடுவார்களா? "விடலாம்" என்றாள். "உறுதியாகச் சொல்லச் சொல்லாதே வேதா. ஒரு ஆளைக் கொன்ற பிறகு கூட்டத்துக்கு எது போதும் என்று யாருக்குத் தெரியும்." மேலே டீசல் ஊற்றி முடித்துவிட்டார்கள் போல. ஊற்றுகிற சத்தத்தைவிட அது நின்றது மோசமாக இருந்தது.

அண்ணா, கதவைத் திறங்கள் என்றேன். காலையிலிருந்து சொல்லாத வார்த்தை, சொன்னதும் வாய் கூசியது. என்னது என்றார். திறந்து வெளியே போங்கள், கையில் ஒன்றும் வேண்டாம், சட்டையைக் கழற்றிவிடுங்கள், நேரே வாசலுக்குப் போய் உடைத்ததை நீங்களே அள்ளுங்கள், அதைத்தான் கேட்கிறார்கள், இங்கே கிரேஸ் என்று ஒரு பெண் இருக்கிறாள், போனைத் தூக்கிப் பிடியுங்கள், அவர்கள் பாஷையில் அவள் பேசுவாள். "அது ஆகாதுங்க தம்பி" என்றார். இவ்வளவு நேரமும் இல்லாத ஒரு பிடிவாதம். "ஒடச்சதத் தொடக்கூடாதுங்க. ஒடச்சா திரும்பிக்கூடப் பாக்காம வரோணும், அதான் வழக்கம். வண்டிக்கு வந்தது, எங்களுக்கு வந்தது, அத்தனை கண்ணும் அதுக்குள்ள எறங்கியிருக்குதுங்க. ஃபெலிக்ஸ் தொட்டான், பாத்தீங்கல்ல." அவனைக் கொன்றது அவர்கள், பழம் இல்லை என்று கத்தினேன், நான் கத்தினால் மற்றவர்கள் பேசுகிற அளவு. "நீங்க படிச்சவரு, சொல்லுவீங்க. என்ற புள்ளைக்கு இது மாசமுங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு ஊட்டுல இருக்கறா. தகப்பன் தொட்டா அது எங்க போகுமுங்க? அவ வயித்துக்குத்தானுங்க போகும். எரிஞ்சு செத்தா நான் சாவேன், அவ்வளவுதான. அது எங்கணக்கு." இதற்கான பதில் எந்த மேசையிலும் ஒட்டியிருக்கவில்லை. நான் ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சொல்வது சரி என்றுகூட நினைத்தேன், என் அம்மாவாக இருந்தால் அவளும் எடுத்திருக்க மாட்டாள், என்னைப் பெற்றவள் எனக்காக எரிந்துபோவாளே தவிரத் தொட்டிருக்க மாட்டாள். அப்போது மாரப்பன், "அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது மச்சான்? நான் தப்பிச்சுப் போனா உங்கள எங்க வுட்டுட்டு வந்தேன்னு கேப்பா. தப்பிக்கலீன்னா அந்தக் கவலயும் இல்ல. நல்ல ரோசனதான் பண்றீங்க." "நீ போடா. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டானுங்க, ஒடச்சது நானு." "ஆமா, அவனுங்க உங்க பேரக் கேட்டுட்டுத்தான் நெருப்பு வெப்பானுங்க." தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். யார் விலக்கினார்கள் என்று தெரியவில்லை. வெளிச்சத்துக்கு ஒரு சத்தம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது, கதவு திறந்ததும் எதிரொலி எல்லாம் ஓடிப்போய்க் கூட்டம் நேரடியாக என் காதுக்குள் வந்து நின்றது.

கிரேஸ் பேச ஆரம்பித்தாள். அவளுடைய குரல் இந்தக் கூடத்திலிருந்து போய் அர்த்தனாரி அண்ணனின் தூக்கிய கையிலிருந்து அங்கே விழுகிறது, விழுந்தது எனக்குத் திரும்பக் கேட்கிறது, ஒரு நொடி தள்ளி, அவளே அவளுக்குப் பதில் சொல்வது போல. இவர் எடுக்க வந்திருக்கிறார், வைத்தவரே வந்திருக்கிறார், கையைப் பாருங்கள், வெறும் கை. சொல்லி முடிப்பதற்குள் ஒரு அடி. சதையில் விழும் அடிக்கு எதிரொலி கிடையாது. இன்னொன்று. அவர் அம்மா என்றார். பெரிய சத்தமாக இல்லை, பல் வலிக்காரர் சொல்வது போல. என் கை என்னையறியாமல் மேலே எழுந்து விரல் விரித்து நிற்கிறது, நான் அதை இறக்கி மேசைக்கடியில் தொடையோடு அழுத்துகிறேன். மேடம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்க்கிறார், என் முகத்தில் எதைப் படித்தாரோ, தெரியவில்லை, இரண்டு போனையும் இறக்கிவிட்டார். மணலில் நடக்கும் சத்தம், இழுபட்டு நடக்கும் சத்தம். அள்ளுகிறார், அள்ளுகிறார் என்று கிரேஸ் கிசுகிசுக்கிறாள், அவளுக்கு எப்படித் தெரியும், கூட்டம் பின்வாங்குகிற சத்தம் கேட்கிறது என்கிறாள். எனக்கு ஈக்கள் கேட்கின்றன. ஈரமான எதையோ மண்ணிலிருந்து பிய்க்கிற சத்தம், முணுமுணுவென்று அவர் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், முருகா இல்லை, அவர் மகளின் பெயர், தேன்மொழி தேன்மொழி என்று, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடவை. அப்புறம் ஒரு கிழவியின் குரல். கூட்டம் அவளுக்கு வழிவிட்டு அடங்குகிறது. கிரேஸ் வாய் திறந்தபடி கேட்கிறாள், சொல்ல மாட்டேன் என்பது போலத் தலையாட்டுகிறாள், சொல் என்று அவள் கையைப் பிடிக்கிறேன். கிழவியின் மகன், டாக்டரின் கட்சிக்காக அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணுவதைப் பார்க்க உட்கார்ந்திருந்தவன், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதற்கு ராத்திரி சீருடைக்காரர்கள் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். என் மகனை எதை வைத்துக் கட்டினீர்கள், இதை வைத்தா என்கிறாள். இது வெறும் பழம்தான் என்றால் தின்னு என்கிறாள். பழத்தைத் தின்னத்தானே வேண்டும், எல்லார் முன்னாலும் தின்னு.

தின்னு என்ற அந்த ஒரு சொல் அர்த்தனாரி அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. மண்ணும் குங்குமமும் கரியும், அதில் ஃபெலிக்ஸின் ரத்தமும் ஒட்டாமல் இருந்திருக்காது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும், தின்னுங்கள் என்றும் சொல்ல வேண்டும். இரும்பு இழுபடும் சத்தம், கத்தியோ என்னவோ. அப்போது பின்னாலிருந்து ஓடி வருகிற கால்கள், கூட்டத்தில் ஒரு உறுமல், மாரப்பனின் குரல் மூச்சிரைக்க, "இங்க குடுங்க மச்சான்." "நீ எதுக்குடா வந்த? போடா." "குடுங்கன்னா குடுங்க. எனக்குப் புள்ளயா குட்டியா? எந்த வயித்துக்குப் போகப் போகுது? நம்ம தேனுக்கு எதுவும் ஆகக்கூடாது, அவ்வளவுதான. எல்லாம் எனக்கே வரட்டும்." கடிக்கிற சத்தம் கேட்டது. மணல் பல்லில் நறநறவென்று அரைபடுவது கேட்டது. ஓங்கரித்தான், துப்பவில்லை, விழுங்கினான், வாயை நிறைத்துக்கொண்டே, "உப்புப் போட மறந்துட்டீங்க மச்சான்" என்றான். கிழவி ஏதோ கத்தினாள். இரண்டு பேரும் தின்ன வேண்டும் என்கிறாள் என்றாள் கிரேஸ், உடைத்தவனும். அர்த்தனாரி அண்ணன் தின்றார். அவர் மெல்லும் சத்தம் மாரப்பன் மெல்லுவதைவிட மெதுவாக இருந்தது, கோயிலில் வாங்கியதைத் தின்பவர் போல. எவ்வளவு நேரம் தின்றார்கள் என்று தெரியாது. கூட்டத்தில் எங்கோ ஒருவன் சிரித்தான். சிரிப்புக்குப் பிறகுதான் எங்கள் ஊரில் அருவாள் எழும். இங்கே எழவில்லை. இன்னொருவன் சிரித்தான். பிறகு கிழவி அழுதாள், மகன் பெயரைச் சொல்லி, அந்த அழுகையோடு கூட்டம் கேட்டைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குள் பாய்கிறது, மேசை உடைகிறது, கதவு உடைகிறது, கண்ணாடி உடைகிறது, அவர்களுக்கு இவர்கள் தேவையில்லாமல் போய்விட்டார்கள். போகச் சொல்கிறார்கள், சர்ச்சுக்குப் போகட்டும் என்கிறார்கள் என்று கிரேஸ் என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். நடங்கள், ஓட வேண்டாம், நடங்கள் என்கிறேன். "இருங்க தம்பி. ஃபெலிக்ஸ் மூஞ்சியில இந்தத் துண்டப் போட்டுட்டுப் போறமுங்க." போட்டார்கள். நடந்தார்கள். பின்னால் டப்பென்று கன்டெய்னர் பற்றிக்கொண்ட சத்தம் கேட்டபோதும் இருவரும் நிற்கவில்லை. இருமினார்கள், துப்பினார்கள். சர்ச்சு மணிக்கூண்டு தெரியுது, வேலிக்குள்ள வந்துட்டோம், பாதிரியார் ஓடியாரார் என்றான் மாரப்பன். நான் போனை வைக்கலாம். வைக்கவில்லை. "தம்பி" என்றார் அர்த்தனாரி அண்ணன். "சொல்லுங்க." "நீங்க அங்க பெரிய எடத்துல இருக்கறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தொட்டாச் சேரும். அது நமக்கே தெரியும். தின்னா எப்படிங்க? தின்னாலும் புள்ளையச் சேருமுங்களா?" அவர் வாயில் இன்னும் மணல் இருந்தது, பேச்சில் தெரிந்தது. மேடம் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார். கிரேஸ் என்ன கேட்கிறார் என்கிறாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை, கூடத்தில் எல்லா மேசைகளும் திரும்பிப் பார்க்க, "சேராதுங்க அண்ணா" என்றேன். "தின்னுட்டா அதோட முடிஞ்சுதுங்க." "நெசமாங்களா?" "நெசந்தான். எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க."